நெடுந்தீவில் ஒரு டைனோசர்ச் சோடி

எனக்கு ஒன்றும் தெரியாத விடயங்களைப் பற்றித்தான் நான் மிகத் தெளிவாகப் பேசுவேன். தெரிந்த விடயமென்றால் ஒரு தயக்கம் வந்துவிடும். அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம் என்று இழுப்பேன். தெரியாத விடயத்தில் அந்தக் கரைச்சல் இல்லை. வாயைத் திறந்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

டைனோசரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பல்கலைக்கழகத்தில் படித்தது இந்து நாகரிகம். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்குக் கிடைத்தது வெறும் சாதாரண சித்தி, மயிரிழையில் தேர்ச்சி. (அதுவும் விடைத்தாள் திருத்தியவர் வீட்டில் அன்றைக்கு ஏதோ நல்ல காரியம் நடந்திருக்கவேண்டும் என்பது என் அக்காவின் கட்சி.) ஆனால் பட்டம் எடுத்துவிட்டு வேலை கிடைக்காமல் புளியங்கூடல் வீட்டில் கிடந்த இரண்டு வருடங்களில், கைத்தொலைபேசியில் வருகிற டைனோசர்க் காணொளி ஒன்றையும் நான் விட்டதில்லை. எந்த இனம் எத்தனை விரலில் நடந்தது, எது முட்டையை அடைகாத்தது, எது அடைகாக்காமல் ஊர் சுற்றியது எல்லாம் விரல் நுனியில். கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை. வீட்டில் சாப்பிடும்போது சொல்லத் தொடங்கினால் அக்கா குழம்புச் சட்டியோடு குசினிக்குள் போய்விடுவாள்.

பிறகு ஒருவழியாக வேலை கிடைத்தது. ஊர்காவற்றுறையில் ஓர் அலுவலகம். வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தவர்களின் வீடுகளை நேரில் போய்ப் பார்த்து, சுவர் எந்தக் கோலத்தில் இருக்கிறது, கூரை ஒழுகுகிறதா என்று படிவம் நிரப்புகிற உத்தியோகம். கையில் ஒரு கோப்பு, சட்டைப்பையில் இரண்டு பேனை. நெடுந்தீவு என் பொறுப்பில் வந்தது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, ஒரு மணித்தியாலம் ஆடி ஆடிப் போய் இறங்கினால், இறங்குதுறையில் தேவன் அண்ணை ஓட்டோவுடன் நிற்பார். தீவில் எந்த வீடு எங்கே இருக்கிறது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று எல்லாம் தெரிந்த மனிதர். (அவருடைய பெயரும் என் கோப்பில் பன்னிரண்டாவதாக இருந்தது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒருநாள் மேற்குக் கரைப்பக்கம் ஒரு வீட்டைப் பார்த்து முடித்து, ஓட்டோவை நிறுத்திவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். அங்கே மணல் இல்லை. தட்டைப் பாறை, கடல்வரை பாய் விரித்ததுபோல் போகும். அதன் நடுவில்தான் அதைக் கண்டேன். பாறையில் மூன்று நீளக் குழிகள். ஒரு புள்ளியில் தொடங்கி விரிந்து போகிற மூன்று விரல்கள். ஓர் எட்டு தள்ளி இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. பக்கத்தில் இன்னொரு வரிசை. 

"தேவன் அண்ணை, அசையாதேங்கோ" என்றேன்.

அவர் ஒற்றைக் காலில் நின்றார். "பாம்போ சேர்?"

"பாம்பில்லை. டைனோசர்."

"எங்க சேர்?"

"அது போயிட்டுது. அடி இருக்கு."

அவர் பாறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த கோப்பை ஒருகணம் பார்த்தார். "சேர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அன்று பின்னேரமே என் செருப்பை அடையாளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். "கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் எம் தீவில் நடந்தவர்கள்" என்று ஒரு தலைப்பு. இரவுக்குள் அது கனடா, சுவிஸ், பிரான்ஸ் எல்லாம் போய்விட்டது. கருத்துப் பகுதியில் ஒருவர், தன்னுடைய கொள்ளுத்தாத்தா காலத்திலேயே இது தங்கள் குடும்பத்துக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார். இன்னொருவர், செருப்பு என்ன விலை என்று கேட்டிருந்தார். மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிருபர் தொலைபேசியில் வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கமராவோடு வருவதாகவும், இடத்தில் நின்று நானே விளக்கவேண்டும் என்றும் சொன்னார். என் வாழ்நாளில் ஒருவர் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் கலியாணக் கதையைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் கனம் விளங்காது.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. சாதகத்தில் செவ்வாய்க்குற்றம். அம்மாவும் அப்பாவும் இந்தப் பொறுப்பை மலர் அக்காவின் தலையில் கட்டிவிட்டு நயினாதீவு அம்மனிடம் நேர்த்தி வைத்துக்கொண்டு இருந்தார்கள். அக்கா நான்கு வருடமாகப் பொருத்தம் பார்த்துக் களைத்துப்போய், கடைசியில் நெடுந்தீவில் ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தாள். பெயர் தர்சினி. விஞ்ஞான ஆசிரியை. அவளுக்கும் செவ்வாய். பொருத்தம் எல்லாம் நன்றாக இருந்தது. தொலைபேசியில் ஒரே ஒரு தடவை நான்கு நிமிடம் கதைத்தோம். நான் டைனோசர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவளே கதைத்தாள். வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளைச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு காதுக்குள் இரண்டு நாள் கிடந்தது. எனக்கு அவளை நன்றாகப் பிடித்துவிட்டது. இது சரிவராவிட்டால் வேறு ஒருத்தியும் வேண்டாம் என்கிற அளவுக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் தகப்பன் நாகலிங்கம் ஐயா முடிவு சொல்லவில்லை. ஆளை நேரில் ஒருக்கால் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி அழைப்பு.

"சரியாப் போச்சு. அவையை முதல்ல கடற்கரைக்கு வரச்சொல்லு" என்றேன் அக்காவிடம்.

"பொம்பிளை பாக்கப் போறவன் கடற்கரையில என்னடா செய்யப்போறாய்?"

"அவை என்னை என்ர இடத்தில வைச்சுப் பாக்கட்டும்."

"உன்ர இடம் எது எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. ஆனால் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். அதற்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது இடத்தை அடையாளம் தெரியவில்லை. தேவன் அண்ணை நான்கு பூவரசங் கதியால் கம்பு நட்டு, பழைய மீன்வலையால் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். வாசலில் ஒரு பலகை. சிவப்பு எழுத்தில் "டைனோசர் பாதம். மிதிக்க வேண்டாம்." நிழலுக்கு ஒரு தறப்பாள், அதன் கீழே நெல்லிரசம் விற்க ஒரு மேசை. கதியால் நட்ட அலவாங்கு, அதாவது இரும்புக் கடப்பாரை, வலையோரம் கிடந்தது. முப்பது, நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நிருபரும் கமராவும் வந்தாயிற்று. நான் மாப்பிள்ளைக்கென்று அக்கா தைப்பித்துத் தந்த வெள்ளை நிற முழுக்கைச் சட்டையும், கையில் சுட்டிக்காட்ட ஒரு பனை மட்டையுமாக நின்றேன்.

அந்த நேரம் அவர்கள் மூவரும் வந்தார்கள். நாகலிங்கம் ஐயா ஒட்டி உலர்ந்த மனிதர், பேச்சுக் குறைவு. அவருடைய மனைவி பரமேஸ்வரி மாமி குடை பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். பின்னால் தர்சினி. படத்தைவிட வடிவாக இருந்தாள். நான் கையிலிருந்த மட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதனோடேயே கும்பிட்டேன்.

ஐயா பலகையை வாசித்தார். வலைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் ஒருமாதிரி ஆனது. அதை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"தம்பி, இதை ஆர் உமக்குச் சொன்னது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. நானாக் கண்டுபிடிச்சது" என்றேன் பெருமையோடு.

"அப்ப சரி" என்றுவிட்டுக் கூட்டத்தின் பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டார்.

கமரா ஓடத் தொடங்கியது. நான் தொடங்கினேன். முதலில், அடிச்சுவடு எப்படிக் கல்லாகிறது என்ற பகுதி. அதை நான் குறையில்லாமல் சொன்னேன் என்பதை இப்போதும் உறுதியாகச் சொல்வேன். ஈரச் சேற்றில் ஒரு பிராணி நடக்கிறது. அடி பதிகிறது. வெயிலில் அந்தச் சேறு காய்ந்து இறுகுகிறது. பிறகு வெள்ளமோ காற்றோ கொண்டுவந்த மண் அதன்மேல் மெதுவாகப் படிகிறது. அடிக்கு மேல் படை, படைக்கு மேல் படை. மேலே உள்ள பாரத்தில் கீழே உள்ளது நெருங்குகிறது, உள்ளே கசிகிற நீரில் உள்ள உப்புகள் அதை ஒட்டிப் பிடிக்கின்றன, சேறு கல்லாகிறது. கோடி கோடி வருடங்கள் போனபிறகு காற்றும் அலையும் மேற்படையைத் தின்னத் தின்ன, அடி வெளியே வருகிறது. "இறந்தவரின் எலும்பைவிட, நடந்தவரின் அடி நிறையக் கதை சொல்லும்" என்று முடித்தேன். இரண்டு பேர் கை தட்டினார்கள். ஒருவர் தேவன் அண்ணை.

"ஒரு சந்தேகம்" என்றது ஒரு குரல். தர்சினி. "இது என்ன கல்?"

"சுண்ணாம்புக்கல்" என்றேன். இது எனக்குத் தெரியும்.

"சேறு எண்டு சொன்னீங்கள். இஞ்ச பாருங்கோ." அவள் குனிந்து வலைக்கு வெளியே பாறையில் ஓரிடத்தைத் தொட்டாள். "இது சிப்பி. இது முருகை, பவளப்பாறைத் துண்டு. இந்தப் பாறை முழுக்க உதுதான். கடலுக்கு அடியில சிப்பியும் முருகையும் செத்துச் செத்துப் படையாப் படிஞ்சு இறுகினது. அப்ப இந்த இடம் கடல். டைனோசர் எல்லாம் அதுக்குக் கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னமே அழிஞ்சிட்டுது. அப்ப இதில நடந்தது ஆர்?"

எந்தப் புத்தியுள்ள மனிதனும் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பான். பெண் கேட்கிறாள், சிரித்த முகத்தோடு கேட்கிறாள், தப்பிப்போக ஒரு வாசலும் திறந்து வைத்திருக்கிறாள். யோசிக்கவேண்டிய விடயம்தான் ரீச்சர் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் கமரா ஓடிக்கொண்டிருந்தது.

"கடைசியாத் தப்பின சோடியா இருக்கலாம்" என்றேன்.

"கடலுக்கு அடியிலயோ நடந்தவை?"

"கடல் வத்தின நேரம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தாயின் குடைக்குள் போய் நின்றாள். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். (அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பிறகுதான் காணொளியில் பார்த்தேன்.)

வென்றவனுக்கு உற்சாகம் வராமல் இருக்குமா? அடுத்து, நான் மூன்று நாள் நித்திரை முழித்துக் கட்டிய பகுதிக்கு வந்தேன். சோடியின் கதை.

"வடிவாப் பாருங்கோ. இதில ரெண்டு பேர் பக்கத்தில பக்கத்தில போகினம். இந்த வரிசை ஆழம். இது ஆண். நல்ல பலம். அந்த வரிசையில குழி ஆழமில்லை, ஒவ்வொரு அடியிலயும் ஒரு விரல் சரியாப் பதியவுமில்லை. இது பெண். முதல் அடியள் பரவாயில்லை. போகப் போக ஆழம் குறைஞ்சு கொண்டு வருது. ஏன்?"

பனை மட்டையால் கடைசி அடியைத் தட்டினேன்.

"களைச்சுப் போச்சு" என்றேன்.  "அடியள் ரெண்டு பக்கத்துக்கும் அகண்டு விழுகுது. வயித்தில பாரம் உள்ள ஆக்கள்தான் அப்பிடி நடப்பினம்." (என் அக்கா இரண்டு பிள்ளைகளையும் சுமந்தபோது வீட்டு முற்றத்தில் நடந்ததைப் பார்த்துத்தான் இந்த ஆராய்ச்சியைச் செய்தேன். அதை அங்கே சொல்லவில்லை.) "இது பிள்ளைத்தாச்சி டைனோசர்."

கூட்டத்தில் இருந்த பெண்கள் "ஐயோ பாவம்" என்றார்கள். நிருபர் கமராக்காரருக்குக் கண் காட்டினார். நான் பனை மட்டையோடு நான்கு எட்டு நடந்து, பாறையில் வழுவழுப்பான ஒரு பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

"இதோட பெண்ணின்ர அடி முடியுது. ஏலாமல் இதில இருந்திட்டுது. இது அது இருந்த இடம்." மட்டையை மற்றப் பக்கம் திருப்பினேன். "ஆனால் ஆணின்ர அடியைப் பாருங்கோ. நிக்கேல்லை. திரும்பேல்லை. ஒண்டு, ரெண்டு, மூண்டு... ஏழு அடி. பிள்ளைத்தாச்சியை நடுவெயில்ல விட்டிட்டு அது தன்ர பாட்டுக்குப் போட்டுது. கோடி வருசம் போனாலும் ஆம்பிளையளின்ர குணம்..."

"விட்டிட்டுப் போகேல்லை."

பின்வரிசையிலிருந்து வந்தது. நாகலிங்கம் ஐயா. அவருடைய கழுத்து நரம்பு தெரிந்தது.

நான் அன்பாகச் சிரித்தேன். வருங்கால மாமனார் ஆராய்ச்சியில் பங்கெடுக்கிறார். "ஐயா, உங்கட நல்ல மனம் அப்பிடி நினைக்கச் சொல்லுது. ஆனால் தடயம் விட்டிட்டுப் போனது எண்டுதான் சொல்லுது. ஏழு அடி தனிய."

"ஏழு கல்லு மிச்சம் இருந்தது" என்றார் ஐயா.

  அப்போது குடைக்குள் ஒரு குலுக்கம். பரமேஸ்வரி மாமி. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். அவர் குடையைத் தர்சினியிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடக்க ஏலாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கோவன். இனி என்னத்துக்கு மறைக்கிறியள்" என்றார் கணவரிடம். ஐயா கடலைப் பார்த்தார். மாமியே வலைக்குள் குனிந்து வந்தார். "தம்பி, இது நாங்கள் வீடு கட்டக் கல்லுக் கிளப்பின இடம். சண்டைக் காலம். சீமெந்து இல்லை, ஒண்டும் இல்லை. அத்திவாரத்துக்கு இஞ்ச வந்துதான் கல்லு எடுத்தனாங்கள். இவற்ர தம்பி வாறன் எண்டவர், வரேல்லை. அப்ப நான்தான் மற்ற அலவாங்கைப் பிடிச்சனான்."

"அலவாங்கு?" என்றேன். என் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"பாளமாக் கிளப்பவேணும் எண்டா மூண்டு பக்கத்தால நெம்பவேணும். நடுவில ஒருக்கா, அங்கால ஒருக்கா, இஞ்சால ஒருக்கா. கல்லு போயிடும், குழி நிக்கும். எங்கட ஊரில எல்லாரும் அப்பிடித்தான் கிளப்பிறது. இந்த வரிசை இவர். அந்த வரிசை நான். எனக்கு மூண்டாவது நெம்பு நெம்ப ஏலாமல் போயிடும், அதுதான் அந்த விரல் பதியேல்லை."

நிருபர் ஆதாரம் கேட்டார். நாகலிங்கம் ஐயா வலையோரம் கிடந்த அலவாங்கை எடுத்துவந்து, டைனோசரின் நடுவிரலுக்குள் வைத்தார். பேனைக்கு மூடி போட்டதுபோல் போய் இருந்தது. அடுத்த விரலிலும் இருந்தது. கமரா அதைக் கிட்டவாக எடுத்தது.

"தேவன் அண்ணை" என்றேன், கடைசி நம்பிக்கையாக. "உங்களுக்கு இது தெரியாதோ?"

"தெரியும் சேர்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லைத்தானே சேர்" என்றார். அப்போதுதான் கூட்டத்தை நன்றாகப் பார்த்தேன். பாதிப் பேர் என் கோப்பில் இருந்தவர்கள். வீட்டுத்திட்டப் பட்டியல் கையில் வைத்திருக்கிற ஆள் டைனோசர் என்றால் டைனோசர்தான். யானை என்றிருந்தாலும் பலகையில் யானை என்றுதான் எழுதியிருப்பார்கள்.

அதுவரை எனக்கு வந்தது வெட்கம் மட்டும்தான். அடுத்தது மெல்ல மெல்ல விளங்கியது. பிள்ளைத்தாச்சி என்று சொன்னேனே. ஏலாமல் இருந்துவிட்டது என்றேனே. ஆண் விட்டிட்டுப் போட்டுது என்று, ஆம்பிளைகளின் குணம் என்று, நாற்பது பேருக்கும் ஒரு கமராவுக்கும் முன்னால் சொன்னேனே. பெண் கேட்டு வந்த இடத்தில், பெண்ணின் தாயை டைனோசர் என்றும், தகப்பனை மனைவியைக் கைவிட்ட டைனோசர் என்றும் சொல்லியிருக்கிறேன். முட்டைக்குள் இருந்த தர்சினியைக் கணக்கில் எடுத்தால், ஒரு முழுக் குடும்பம்.

அவர்கள் வீட்டுக்குப் போகாமல் அப்படியே வள்ளம் ஏறிவிடலாம் என்றேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து ஓட்டோவில் ஏற்றினாள். "பேசினதுக்கு வந்து மன்னிப்புக் கேள். பிறகு ஆயுளுக்கும் வாயைத் திறவாதை" என்றாள். வழியில் அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது. கனடாவில், ரொறன்ரோவிலிருந்து பெரியப்பா. காணொளி அதற்குள் அங்கே போய்விட்டது. அங்கே நடுச்சாமம், அவர் சிரிக்கிற சத்தத்தில் வீட்டில் எல்லோரும் எழும்பிவிட்டார்களாம்.

தர்சினி வீட்டில் பலகாரம் வைத்தார்கள். தேத்தண்ணி வைத்தார்கள். நான் கதிரையின் நுனியில் இருந்தேன். மன்னிப்புக் கேட்க மூன்று முறை வாயைத் திறந்தேன், மூன்று முறையும் காற்றுத்தான் வந்தது. என் வாய் எனக்கு ஒத்துழைக்காத முதல் நாள் அது. நாகலிங்கம் ஐயா அக்காவைப் பார்த்து, "பிள்ளை, குறை நினையாதேங்கோ" என்று தொடங்கினார். அந்தத் தொடக்கத்துக்கு என்ன முடிவு வரும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.  அந்தச் சிரிப்பை இனி தொலைபேசியில்கூடக் கேட்கமுடியாது என்று நினைத்தேன். அது எனக்கு உண்மையாகவே வலித்தது.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் பரமேஸ்வரி மாமி. அவர் இப்போது சிரிக்கவில்லை. "இந்தத் தம்பி சொன்னதில பிழை ஒண்டுதான். டைனோசர் எண்டது. பொம்பிளை எண்டது சரி. பிள்ளைத்தாச்சி எண்டது சரி. அந்தப் பள்ளத்தில இருந்ததும் நான்தான்." கணவர் பக்கம் திரும்பினார். "இருபத்தாறு வருசம் இந்தக் கல்லுக்கு மேல சமைச்சு, கூட்டி, படுத்து எழும்பிறம். இந்த வீட்டுக்கு வந்த ஒருத்தரும், நீங்கள் உட்பட, அண்டைக்கு நான் களைச்சுப் போனனான் எண்டு சொன்னதில்லை. இவர் வெறுங் குழியைப் பாத்துச் சொல்லிப்போட்டார். எனக்கு இந்தப் பெடியனைப் பிடிச்சிருக்கு."

ஐயா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மீண்டும் எடுத்தார். வெறும் கோப்பையைக் குடித்தார். "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் மெல்ல.

"சொன்னனான். நீங்கள் ஏழாவது கல்லில நிண்டியள்."

அதற்குப் பிறகு அந்த மனிதர் கலியாணத்துக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக்கூடிய நிலையிலும் அவர் இல்லை.

தர்சினி என்னை வாசற்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படியும் அந்தக் கரைக் கல்தான். குனிந்து காட்டினாள். கல்லுக்குள் ஒரு சிப்பி, வரிவரியாக, சுண்டுவிரல் நகமளவு. "உங்களுக்கு உயிர்ச்சுவடுதான் பாக்கவேணும் எண்டா இது. உண்மையானது. நான் தவழேக்க இருந்து இதில கை வைச்சிருக்கிறன்" என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சூடாக இருந்தது.

"ஒண்டு கேக்கிறன்" என்றாள். "இனிமேல் தெரியாத விசயத்தைக் கேட்டா, தெரியாது எண்டு சொல்லுவீங்களோ?"

நான் நன்றாக யோசித்தேன். "தெரியாது" என்றேன்.

அவள் சிரித்தாள். தொலைபேசியில் கேட்ட அதே சிரிப்பு. ஆவணியில் கலியாணம்.

அது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. தேவன் அண்ணைக்குப் பட்டியல்படி, முறைப்படி, வீடு கிடைத்தது. கடற்கரையில் அவர் வைத்த பலகையை மட்டும் எடுக்கவில்லை. "டைனோசர்" என்ற சொல்லை அழித்துவிட்டு "பரமேஸ்வரி அம்மாவின்" என்று எழுதிவிட்டார். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் பள்ளத்தில் இருந்து படம் எடுக்கிறார்கள். கலியாண வீடு, சாமத்திய வீடு எங்கே போனாலும், என்னைக் கண்டவுடன் யாராவது தங்கள் காலைத் தூக்கிக் காட்டி, "தம்பி, எனக்கு என்ன நோய் எண்டு பாத்துச் சொல்லும்" என்கிறார்கள். பழகிவிட்டது.

வருடத்துக்கு ஒருமுறை, எல்லோரும் ஒன்றாகக் கூடுகிற நாளில், மாமி அந்தக் கரைக்குப் போகவேண்டும் என்பார். போய்ப் பள்ளத்தில் வசதியாக அமர்ந்துகொள்வார். மாமா பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு கல் கிளப்ப எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம். வருடத்துக்கு ஒன்றாக அந்த ஏழு கல்லும் முடியும்வரை, அதுதான் அவர்களுக்குள் பேச்சு. போன வருடம் நல்ல வெயில். பிள்ளைகள் எல்லாம் ஓட்டோவுக்குள் ஓடிவிட்டார்கள். மாமாவின் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

"போதுமோ?" என்று கேட்டார்.

"இது நாலாவது" என்றார் மாமி, கடலைப் பார்த்தபடி. "இன்னும் மூண்டு கல்லு கிடக்கு. குடையைக் கொஞ்சம் இஞ்சால சரியுங்கோ."